செவலையின் முன்னங்காலும் ஒரு கறுப்பு விதையும்: சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் வீட்டு நாய் செவலையின் வலது முன்னங்காலில், நடு விரல்கள் இரண்டுக்கும் இடையில், ஒரு கட்டி வந்தது. உடைந்தது, ஆறியது, மறுபடி வந்தது, மறுபடி உடைந்தது. மார்ச் நடுவில் ஆரம்பித்து ஏப்ரல் கடைசி வரை ஐந்தரை வாரம் இதே கதை. கடைசியில் உள்ளேயிருந்து வெளியே வந்தது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு கறுப்பு விதை. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிளாக்ஜாக் என்று எல்லோரும் சொல்கிற களைச்செடியின் விதை அது.

இதை நாள்வாரியாக எழுதி வைக்கக் காரணம் உண்டு. எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு நாய்களுக்கு இதே மாதிரி கால்விரல் இடுக்கில் புண் வந்து வந்து போகிறது. அந்த வீடுகளிலும் மருந்து கொடுக்கிறார்கள், ஆறுகிறது, சந்தோஷப்படுகிறார்கள், திரும்பி வருகிறது. நானும் அப்படித்தான் செய்தேன். ஆறிய புண் அதே இடத்தில் திரும்பி வந்தால் உள்ளே ஏதோ இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். எனக்கு இது முதல் வாரத்திலேயே தெரிந்திருந்தால் அவள் ஒரு மாதம் நொண்டியிருக்க மாட்டாள்.

நாயும் இடமும்

செவலைக்கு நான்கு வயது, பெண் நாய். ஸ்பானியல் கலப்பு, நிறத்தைப் பார்த்தே பெயர் வைத்தோம். காது தொங்கும், மார்பிலும் கால்களின் பின்புறத்திலும் நீண்ட ரோமம், விரல்களுக்கு நடுவிலும் குஞ்சம் குஞ்சமாக ரோமம். இந்த விவரம் முக்கியம். இதே விதைகள் குட்டை ரோம நாய் மேல் ஒட்டினால் பாதி தானாக உதிர்ந்துவிடும். இவள் மேல் ஒட்டினால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

வீடு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், உம்லாட்டுசானா ஆற்றுப் பக்கம் இறங்குகிற சரிவில் இருக்கிறது. நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் குடும்பமோ நான்கு தலைமுறையாக இந்த நட்டால் மாகாண மண்ணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செவலையை அவிழ்த்துக்கொண்டு ஆற்றோரம் ஒரு மணி நேரம் நடப்பது எங்கள் வழக்கம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கரை முன்பு மாதிரி இல்லை. புல்லும் நாணலும் போன இடத்தில் வெறும் மணலும் சேறும் கிடந்தது, அதில் முதலில் குடியேறியது எதுவென்றால் முள்காய்ச் செடிகள்தான்.

மார்ச், ஏப்ரல் இங்கே கோடை மழை முடிந்து விதை முற்றுகிற காலம். அந்த நேரத்தில் கரையில் என்னென்ன நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மருளூமத்தை, இங்கே காக்கில்பர் என்பார்கள்: பாக்கு அளவுக்குக் காய், காய் முழுக்கக் கொக்கி. அப்புறம் நாயுருவி. ஆம், நம் ஊர் நாயுருவியேதான், பெயரிலேயே நாய் இருக்கிற அதே செடி. தண்டோடு ஒட்டிக் கீழ்நோக்கித் தொங்கும் காய்கள், உரசிப் போகிறவன் வேட்டியில் வரிசையாகக் குத்திக்கொள்ளும். நாயுருவி இங்கேயும் நிற்கிறது என்று போனில் சொன்னபோது அம்மாவால் நம்ப முடியவில்லை. இவை போக, எங்கே பார்த்தாலும் பிளாக்ஜாக்.

பிளாக்ஜாக்கின் ஊர் அமெரிக்காவின் வெப்பப் பகுதி. வெள்ளையும் மஞ்சளுமாகச் சின்னப் பூ, பூ காய்ந்ததும் ஒரு உருண்டையாக எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும் கறுப்பு ஊசிகள். ஒவ்வொரு ஊசியும் ஒரு விதை. அதன் நுனியில் இரண்டு அல்லது மூன்று முட்கள், அந்த முட்களில் பின்நோக்கிச் சாய்ந்த நுண்ணிய செதில்கள். தூண்டில் முள் மாதிரி: போகும், வராது. ஒரு செடி 3000 விதைக்கு மேல் போடும். டர்பனில் பனி உறைவதில்லை, அதனால் வருடம் முழுக்க முளைத்துக்கொண்டே இருக்கும். ஜூலு மக்கள் இதை உகடோலோ என்கிறார்கள், இளம் இலையைக் கீரையாகச் சமைப்பார்கள். ஆன்ட்டியின் பாட்டியும் கரும்புத் தோட்டத்தில் இருந்த காலத்தில் இதைப் பறித்துக் கடைவாராம். இங்குள்ள நம்மவர்கள் கீரையை ஹெர்ப்ஸ் என்றுதான் சொல்வார்கள். “கஷ்ட காலத்து ஹெர்ப்ஸ் தம்பி இது” என்றார்.

என்ன நடந்தது

மார்ச் 16, ஞாயிறு. நடந்து வந்த பிறகு பார்த்தால் செவலையின் இடது அக்குளில் காக்கில்பர் காய்கள் ஆறோ ஏழோ ஒன்றோடொன்று பின்னி, ரோமத்தைச் சுருட்டி, ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டியாகி இருந்தது. அவள் நடந்தாலே தோலை இழுத்தது. நான் கையால் பிய்க்கப் பார்த்தேன், அவள் கத்தினாள். கத்தரியை எடுத்து வெட்டினேன், தோலிலும் ஒரு சின்ன வெட்டு விழுந்தது. அன்று மாலை முழுக்க என் கவனமும் அவள் கவனமும் அந்த அக்குளில்தான். கால்விரல்களை நான் பார்க்கவே இல்லை. பெரிய முள் கண்ணில் படும், கையில் குத்தும், உடனே தெரிந்துவிடும். தெரிகிற அந்த முள்ளைத் துரத்திக்கொண்டிருந்ததில் தெரியாத ஒன்று உள்ளே போக நான் வழிவிட்டேன்.

மார்ச் 18. வலது முன்னங்காலை நக்க ஆரம்பித்தாள். சும்மா நக்கல் இல்லை, டிவி சத்தத்தை மீறிக் கேட்கிற மாதிரி, இரவு முழுக்க. விரல் இடுக்கில் லேசான சிவப்பு. உண்ணி கடித்திருக்கும் என்று நினைத்தேன். டர்பனில் நாய் வைத்திருக்கிற எவருக்கும் முதல் பயம் உண்ணிதான், அதனால் வருகிற பிலியரிக் காய்ச்சலில் நாய்கள் செத்தே போகின்றன. உண்ணி இல்லை. மஞ்சளைக் குழைத்துப் பத்துப் போட்டுத் துணி சுற்றிவிட்டேன். இரண்டு நாளில் மேல்தோல் மூடிக்கொண்டது. எனக்கு நிம்மதி. உண்மையில் விதை போன வாசலைத்தான் அன்று நான் மூடியிருக்கிறேன்.

மார்ச் 21. திராட்சைப் பழம் அளவுக்கு வீக்கம், ஊதா கலந்த சிவப்பு, தொட்டால் சூடு. காலைத் தரையில் ஊன்றவில்லை. மறுநாள் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் காலைப் பார்த்தார், கீறல் வழியாகக் கிருமி போயிருக்கிறது என்றார், ஏழு நாளைக்கு ஆன்டிபயாட்டிக்கும் வலி மருந்தும் கொடுத்தார். கட்டி உடைந்து சீழ் போனது. ஏழாம் நாள் ஓடி விளையாடினாள்.

ஏப்ரல் 5. அதே இடம், அதே கட்டி. மறுபடி அதே கிளினிக், இந்த முறை பத்து நாள் மருந்து. எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்றார்கள். எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும், உலோகம் தெரியும். காய்ந்த விதையும் புல் முள்ளும் பெரும்பாலும் தெரியாது. இது எனக்கு அப்போது தெரியாது. “ஒன்றும் இல்லை” என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்கள் இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும்: எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் விதை இல்லை என்று ஆகிவிடாது.

ஏப்ரல் 18, புனித வெள்ளி. மாத்திரை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. இங்கே ஈஸ்டர் சமயத்தில்தான் மாரியம்மன் கோயில் திருவிழா, தெருவே மஞ்சள் உடுத்திக் கிளம்பிக்கொண்டிருந்தது. செவலை வாசல்படியில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். இந்த முறை புண் பழைய இடத்தில் உடையவில்லை. ஒன்றரை சென்டிமீட்டர் மேலே, பாதத்தின் மேல்புறத்தில், புதிதாக ஒரு சின்னத் துளை, அதிலிருந்து ரத்தம் கலந்த நீர். எனக்கு முதன்முதலாக அப்போதுதான் உறைத்தது. கிருமி மட்டும் என்றால் அதே இடத்தில்தானே சுற்றும்? இது நகர்கிறது.

ஆன்ட்டி கோயிலுக்குப் போகிற அவசரத்திலும் குனிந்து பார்த்தார். “உள்ளாற ஏதோ நடக்குது தம்பி, மருந்தை மாத்தாதே, டாக்டரை மாத்து” என்றார்.

விதை எப்படி நடக்கிறது

கால் கை இல்லாத ஒரு விதை சதைக்குள் எப்படி நகரும் என்று எனக்குப் புரியவே இல்லை. பிறகு இரண்டாவது மருத்துவர் ஒரு விதையை என் உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்துக் காட்டினார். ஒரு பக்கம் தேய்த்தால் வழுக்கி நகர்கிறது, மறுபக்கம் தேய்த்தால் குத்தி நிற்கிறது. அவ்வளவுதான். நாய் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் விரல் விரிகிறது, சுருங்குகிறது, சதை அசைகிறது. செதில்கள் ஒரு திசையில் மட்டும் விடுவதால் ஒவ்வோர் அசைவும் விதையை ஒரே திசையில் தள்ளுகிறது. செடிப்பொருளை உடம்பால் கரைக்க முடியாது. அதனால் சுற்றிச் சீழ் கட்டி, ஒரு குழாய் மாதிரி பாதை உண்டாக்கி, வெளியே தள்ளப் பார்க்கிறது. ஆன்டிபயாட்டிக் சுற்றியுள்ள கிருமியை அடக்கும், வீக்கம் வற்றும், தோல் மூடும். விதை அங்கேயே இருக்கும், அதன் மேல் ஒட்டியிருக்கும் கிருமியும் இருக்கும். மருந்து நின்றதும் மறுபடி ஆரம்பம்.

புல் முட்கள் இதைவிட மோசம். நம் ஊரில் ஊசிப்புல் என்போமே, அந்த இனம் இங்கேயும் மலைச்சரிவு முழுக்க உண்டு, அது வந்தேறி அல்ல, இந்த மண்ணின் புல். அதன் நீண்ட வால் காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும், ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், அந்தச் சுழற்சியில் விதை மண்ணைத் துளைத்து இறங்கும். நாயின் காதில் போனாலும் அது அதைத்தான் செய்யும். நாயின் காதுக்குழாய் முதலில் கீழே இறங்கிப் பிறகு உள்ளே திரும்புகிறது. விதை அந்த வளைவைத் தாண்டிவிட்டால் நாம் எடுக்க முடியாது, செவிப்பறை வரை போய்க் கிழித்துவிடும். நடந்து வந்த உடனே நாய் தலையைச் சாய்த்துப் பிடித்து உதறினாலோ, திடீரென்று இடைவிடாமல் தும்மினாலோ, ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். அன்றே காட்டிவிடுங்கள்.

வெளியே வந்தது

ஏப்ரல் 22, விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை. இரண்டாவது கிளினிக்கில் இருந்த பெண் மருத்துவர் காலைத் தொடும் முன் பத்து நிமிடம் கேள்வி கேட்டார். எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் எங்கே நடந்தீர்கள், மருந்து நிறுத்தி எத்தனை நாளில் திரும்பியது. நான் தேதி எல்லாம் போனில் குறித்து வைத்திருந்தேன், அது உதவியது. அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தார். சாம்பல் நிறச் சதைக்கு நடுவில் ஒரு கறுப்புக் குட்டை, சீழ். அதற்குள் பளிச்சென்று ஒரு சின்னக் கோடு. “இதுவாக இருக்கலாம்” என்றார்.

ஏப்ரல் 24 அன்று மயக்க மருந்து கொடுத்து, பாதத்தின் மேலே இருந்த துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, உப்பு நீரால் பலமுறை கழுவி, மெல்லிய இடுக்கியை அந்தப் பாதை வழியாகவே விட்டுத் தேடினார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. எனக்குப் பிறகு ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார். சீழில் ஊறிப் பழுப்பேறிய விதை, ஒரு முள் உடைந்திருந்தது, மற்றொன்று முழுசாக இருந்தது. ஐந்தரை வாரம் சதைக்குள் கிடந்தும் அந்த முள் என் விரலில் குத்தியது. புண்ணைத் தைக்கவில்லை, உள்ளிருந்து ஆறி வரட்டும் என்று திறந்தே விட்டார்கள். சீழைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பி அதற்கேற்ற மருந்து. தினம் இரண்டு வேளை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கால், நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு. மே 8-க்குள் மூடிவிட்டது. அதற்குப் பிறகு திரும்பவில்லை.

விதை எங்கிருந்து வந்தது

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கே நடந்தீர்கள் என்று அந்த மருத்துவர் கேட்ட கேள்வி பாக்கி இருந்தது. மார்ச் 22-க்குப் பிறகு நாங்கள் ஆற்றுப் பக்கமே போகவில்லை, தெருவில் கயிறு கட்டித்தான் நடத்தினோம். இருந்தும் ஏப்ரல் 12 வாக்கில் செவலையின் மார்பு ரோமத்திலிருந்து பதினொரு பிளாக்ஜாக் விதைகளைச் சீவி எடுத்திருந்தேன். இதைச் சொன்னதும் அவர், “அப்படியென்றால் உங்கள் வீட்டைப் பாருங்கள்” என்றார்.

வீட்டில் ஏது, புல் வெட்டி ஒழுங்காக வைத்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தேன். பின்பக்கம் குழாயடி, ஒரு கான்கிரீட் மேடை, அதை ஒட்டிக் கறிவேப்பிலை மரம், அதற்குப் பின்னால் ப்ரீகாஸ்ட் சுவர். மரத்துக்கும் சுவருக்கும் நடுவில், வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், முழங்கால் உயரத்துக்கு பிளாக்ஜாக். நாற்பது செடியாவது இருக்கும். பாதி காய்த்து முற்றி, கறுப்பு உருண்டைகளோடு, யாராவது உரசமாட்டார்களா என்று காத்துக்கொண்டு நின்றன. அந்தக் குழாயடிதான் செவலை வெயிலுக்குப் படுக்கிற இடம்.

அது ஏன் அங்கே முளைத்தது? நான்கு வருடமாக ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அந்த மேடையில் உட்கார்ந்துதான் அவளுக்குச் சீவிவிடுகிறேன். சீப்பில் வருவதை அப்படியே தட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவேன். தண்ணீர் கறிவேப்பிலைக்குப் பாயட்டும் என்று வாய்க்கால் வேறு வெட்டியிருந்தேன். ஆற்றங்கரையிலிருந்து விதையைக் கொண்டுவந்தது அவள், விதைத்துத் தண்ணீர் விட்டது நான். காலுக்குள் போன விதை ஆற்றோரம் ஒட்டியதா குழாயடியில் ஒட்டியதா என்றால், 16-ஆம் தேதி நடைக்கு இரண்டு நாள் கழித்து நக்க ஆரம்பித்ததால் ஆறு என்றே கணித்தேன். குழாயடியைப் பார்த்த பிறகு அந்தக் கணிப்பில் உறுதி இல்லை.

இப்போது செய்வது

சீவும்போது மடியில் ஒரு பழைய வெள்ளைத் துண்டு. விழுவதெல்லாம் அதில், அப்படியே பையில் கட்டிக் குப்பைக்கு. உரக்குழிக்குப் போடுவதில்லை. காக்கில்பர் காய் மாட்டினால் இழுப்பதில்லை: காய்க்கும் தோலுக்கும் நடுவில் ரோமத்தை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குறடால் காயை நசுக்கினால் கொக்கிகள் உடைந்து துண்டு துண்டாக வந்துவிடும். தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டால் இன்னும் சுலபம். வெட்டியே ஆக வேண்டும் என்றால் தோலுக்கு மேல் சீப்பை வைத்து, சீப்புக்கு வெளியே வெட்ட வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை அன்று செய்திருந்தால் அக்குள் வெட்டு விழுந்திருக்காது. விரல் இடுக்கு ரோமத்தை மார்ச் முதல் ஜூன் வரை வாரம் ஒரு முறை குட்டையாகக் கத்தரிக்கிறேன். நடந்து வந்ததும் முதலில் விரல் இடுக்குகள், பிறகு காது, அக்குள், தொடை இடுக்கு, கடைசியில்தான் முதுகு.

செடியைப் பூப்பதற்கு முன் பிடுங்க வேண்டும், காய்த்த பிறகு பிடுங்கினால் பிடுங்குகிற நாமே விதைக்கிறோம். பிளாக்ஜாக் மழைக்குப் பிறகு கையால் இழுத்தாலே வேரோடு வரும். காக்கில்பர் வேறு விதம். ஒரு காய்க்குள் இரண்டு விதை, ஒன்று முதல் பருவத்தில் முளைக்கும், மற்றது அடுத்த வருடமோ அதற்குப் பிறகோ. ஒரு முறை சுத்தம் செய்துவிட்டு விட்டுவிட முடியாது. அதன் இரண்டு இலை நாற்று விஷம், பன்றியும் கன்றும் தின்று சாகும், நாய்க்குட்டியையும் மெல்ல விடாதீர்கள். காய் மிதக்கும், ஆறு எங்கே கொண்டுபோகிறதோ அங்கெல்லாம் கரையேறும். இந்த நாட்டின் 2004-ஆம் வருடப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வந்த பட்டியலில் காக்கில்பர் 1பி வகை, அதாவது நிலத்துக்காரர் அதைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். அதன் தென்னமெரிக்கச் சகோதரி ஒன்று உண்டு, மூன்று மூன்றாக மஞ்சள் முள் வைத்த செடி, ஆட்டு ரோமத்தில் ஒட்டிக் கம்பளி விலையையே கெடுத்தது. ஆஃப்ரிகான்ஸில் அதன் பெயர் புட்டபோசி; புட்ட என்றால் அபராதம். நிலத்தில் அதை விட்டுவைத்தவர்களுக்குப் போட்ட அபராதமே செடிக்குப் பெயராகிவிட்டது. பழைய விவசாயிகள் இதை எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொண்டார்கள் என்று அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

குழாயடியை ஆன்ட்டியும் நானும் மே மாதம் ஒரு சனிக்கிழமை சுத்தம் செய்தோம். காய்களைச் செடியிலேயே பையால் மூடி, பிறகு வெட்டினோம். மூன்று கறுப்புப் பை நிறைந்தது. இரண்டு வாரத்தில் மண் மூட முளைத்தது, பிடுங்கினோம். மறுபடி முளைத்தது, பிடுங்கினோம். போன ஞாயிற்றுக்கிழமை பதினான்கு நாற்று. பக்கத்தில் செவலை வலது முன்னங்காலை நீட்டி, வெயிலில் படுத்திருந்தாள். கத்தரித்த இடத்தில் ரோமம் மறுபடி வளர்ந்துவிட்டது, தழும்பைத் தேடினால்தான் தெரிகிறது.